டிஸ்க் பூராவும் அவளுக்கு

சின்னமனூரில் என் வீட்டுக்காரரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து ஸ்டூடியோ வைத்திருந்தார்கள். கல்யாணம், காதுகுத்து, சடங்கு, கடை திறப்பு என்று எதற்குக் கூப்பிட்டாலும் போவார்கள். ஆள் பிடிப்பதும் பேசுவதும் கூட்டத்தை வரிசையாக நிறுத்துவதும் அண்ணன். படம் எடுப்பது என் வீட்டுக்காரர். கல்யாணமாகி வந்த புதிதில் கடைக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோன நான், அங்கேயே உட்கார்ந்து எடிட்டிங் பழகிவிட்டேன். படித்தது பி.காம். ஆனால் தாலி கட்டுகிற நேரத்தில் கெட்டிமேளத்தைக் கூட்டி, ஓரமாக நின்று கண்ணைத் துடைக்கிற அம்மாவின் முகத்தைத் திரையில் சற்று அதிக நேரம் நிற்க வைக்கிற அந்த வேலை எனக்குப் பிடித்துப்போனது. எங்களுக்குப் பிள்ளை இல்லை. அந்தக் கம்ப்யூட்டர் முன்னால்தான் என் பகல்கள் போயின.

அண்ணனை நான் மாமா என்றுதான் கூப்பிடுவேன். இங்கே மூத்தவர் என்று எழுதுகிறேன்.

ஒரு வருஷம் குமுளிப் பக்கம் கல்யாண வேலைக்குப் போன மூத்தவர், அங்கே மலையாளத்து ஸ்டூடியோக்காரர்கள் ஆப்பிள் கம்பெனியின் மேக் கம்ப்யூட்டர் வைத்து வேலை செய்வதைப் பார்த்துவிட்டு வந்தார். அதிலிருந்து அதே பேச்சு. கொஞ்ச நாளில் எர்ணாகுளத்திலிருந்து யாரோ வைத்திருந்த பழைய மேக் ஒன்று எங்கள் கடைக்கு வந்து சேர்ந்தது. கடை முன்பக்கக் கண்ணாடி ஓரமாகப் பார்த்து, வருகிறவர்களுக்குத் தெரிகிற மாதிரி வைத்தார்கள். என் விண்டோஸ் கம்ப்யூட்டர் உள்ளே மூலைக்குப் போனது.

தொல்லை டிஸ்கில்தான் தொடங்கியது. அதுவரை நாங்கள் எடுத்த கல்யாணங்கள் எல்லாம் வெளியே சொருகுகிற ஹார்ட் டிஸ்குகளில் இருந்தன. அதை மேக்கில் போட்டால் உள்ளே இருப்பதைப் பார்க்கலாம், எடுக்கலாம். புதிதாக ஒன்றும் அதில் எழுத முடியாது. மூத்தவருக்குப் பொறுமை கிடையாது. இருந்ததை எல்லாம் மேக்குக்குள் இழுத்துப் போட்டுவிட்டு, டிஸ்குகளை ஒவ்வொன்றாக மேக் முறைப்படி ஃபார்மேட் செய்து, திரும்ப அதிலேயே ஏற்றிவிட்டார். அதற்குப் பிறகு என் கம்ப்யூட்டரில் சொருகினால் ஒன்றும் வராது. முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா என்று இங்கிலீஷில் ஒரு கட்டம் வந்து நிற்கும். ஒரு பையன் படத்தை பஸ் பாஸுக்கு அச்சடிக்க வேண்டும் என்றாலும் மூத்தவர் எழுந்திருக்கிற வரை காத்திருந்து, மேக்கிலிருந்து பென் டிரைவில் வாங்கி, என் மூலைக்குக் கொண்டுவர வேண்டியிருந்தது.

ஆல்பம் அச்சடிக்க நாங்கள் போகும் மதுரைக் கடையில் ஒருவர் எனக்கு ஒரு வழி சொல்லியிருந்தார். ரெண்டு கம்ப்யூட்டரும் படிக்கவும் எழுதவும் முடிகிற மாதிரி ஒரு ஃபார்மேட் இருக்கிறது, மேக்கிலேயே அதைச் செய்யலாம் என்று. மூத்தவரிடம் சொன்னேன்.

"மாமா, புது டிஸ்கையாவது அப்பிடிப் போடுவோம். எனக்கும் தொறக்கும், ஒங்களுக்கும் தொறக்கும்."

"ஒனக்கு எதுக்குத் தொறக்கணும்?" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. நிஜமாகவே அவருக்கு அது விளங்கவில்லை.

என் வீட்டுக்காரர் கேமரா லென்ஸைத் துடைத்துக்கொண்டிருந்தார். வீட்டுக்கு வரும்போது, "விடு, அண்ணே மெஷினு வந்த சந்தோசத்துல இருக்காக. கொஞ்ச நாள் போனா நானே சொல்றேன்" என்றார். அவர் அப்படித்தான். எதையும் கொஞ்ச நாள் கழித்துச் சொல்கிறவர்.

அந்தக் கொஞ்ச நாள் அவருக்குக் கிடைக்கவில்லை. காய்ச்சல் என்று படுத்தவர் எழுந்திருக்காமலே போய்விட்டார்.

கருமாதி முடிந்து ஓடைப்பட்டியில் மாமனார் வீட்டில் எல்லாரும் உட்கார்ந்திருந்தார்கள். பக்கத்துத் தோட்டத்தில் திராட்சைக்கு மருந்து அடித்திருந்தார்கள். அந்த வாடை வீட்டுக்குள் வந்துகொண்டிருந்தது. இனி நான் எங்கே இருப்பது, எதைச் செய்து பிழைப்பது என்ற பேச்சு வந்தது. தேவாரத்தில் என் அம்மா வீடு இருக்கிறது, அங்கே சின்னதாகக் கடை போட்டுக்கொள்கிறேன் என்றேன். மூத்தவர் தொண்டையைச் செருமிக்கொண்டு பேசினார்.

"கேமராவும் மேக்கும் எனக்குத் தொழிலுக்கு வேணும். அந்தக் கம்ப்யூட்டரையும் பிரிண்டரையும் அவ எடுத்துக்கிறட்டும். தம்பி இத்தன வருசமா எடுத்தது எல்லாம் டிஸ்குலதான் இருக்கு. டிஸ்க் பூராவும் அவளுக்கு. அதுல எனக்கு ஒண்ணுகூட வேணாம்."

உட்கார்ந்திருந்தவர்கள் முகத்தில் ஒரு நிம்மதி. "இந்தக் காலத்துல யாரு இப்பிடி விட்டுக் குடுக்குறா" என்றார் மாமனாரின் பங்காளி ஒருவர்.

நான் பேசினேன். பேசாமல் இருந்திருந்தால் நல்ல பெயராவது மிஞ்சியிருக்கும்.

"மாமா, அந்த டிஸ்க் எதுவும் எங்கிட்ட இருக்கிற கம்ப்யூட்டர்ல தொறக்காது. மேக்குல போட்டு மாத்திக் குடுத்திருங்க."

"தொறக்காம என்ன ஆத்தா? டிஸ்க்கு டிஸ்க்குதான. சொருகுனா வரப்போகுது."

மாதக்கணக்கில் அதே கடையில் அதே கட்டம் வந்து நிற்பதைப் பார்த்தவர் அவர். "ஒன் டப்பாவுல வராது, இங்கிட்டுக் கொண்டா" என்று தினம் சொன்னவரும் அவர்தான். அன்று பங்காளிகள் முன்னால் அது ஒன்றுமே நடக்காதது மாதிரி என் முகத்தைப் பார்த்துச் சொன்னார். நான் திரும்ப விளக்க வாயெடுத்தேன். விண்டோஸ், மேக், ஃபார்மேட் என்று நான் சொல்லச் சொல்ல அங்கே இருந்தவர்களின் கண்கள் தரையைப் பார்த்தன. மாமியார்தான் நிறுத்தினார்.

"புருசன் போயி ஈரம் காயல. டிஸ்க்கப் பத்திப் பேசுறா பாரு."

டிஸ்குகளை ஒரு அட்டைப் பெட்டியில் போட்டு, மேலே கயிறு கட்டி, பஸ்ஸில் என் மடியில் வைத்துக்கொண்டு தேவாரம் வந்தேன்.

கடை சின்னது. ஜெராக்ஸ், பாஸ்போர்ட் சைஸ் படம், ஆன்லைனில் விண்ணப்பம் போட்டுக் கொடுப்பது. ஏலக்காய்த் தோட்டத்துக்கு மலையேறிப் போகிற ஜீப்புகள் கடைக்கு எதிரில்தான் நிற்கும். அவற்றுக்குக் காத்திருக்கிற பெண்கள் ஆதார் அட்டையை நகலெடுக்க வருவார்கள். ஆள் இல்லாத நேரத்தில் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்துச் சொருகிப் பார்ப்பேன். கட்டம் வரும். வேண்டாம் என்பதை அழுத்துவேன். கை தவறி மற்றதை அழுத்திவிடுவேனோ என்று பயந்து, சுண்டுவிரலைக்கூட மடக்கி வைத்துக்கொள்வேன். என் வீட்டுக்காரர் எடுத்த அத்தனையும் அதற்குள் இருக்கிறது. கையில் பிடித்தால் லேசாகச் சூடாகிறது, உள்ளே சுற்றுகிற அதிர்வு தெரிகிறது. அவ்வளவுதான் எனக்கு.

தேனியில் ஒரு கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் சொருகிப் பார்த்துவிட்டு டிஸ்க் போய்விட்டது என்றார். போகவில்லை, இது மேக் டிஸ்க் என்றேன். அப்படியானால் மேக் வைத்திருப்பவரிடம் போங்கள் என்றார்.

கோம்பையிலிருந்து ஒரு பெண் வந்தாள். அவள் கல்யாணத்தை என் வீட்டுக்காரர்தான் எடுத்தார். அவளுடைய அப்பா இறந்திருந்தார். கல்யாண வீடியோவில் அவர் நடந்து வருவதும் மாப்பிள்ளையின் கையைப் பிடித்துப் பேசுவதும் இருக்கும், வீட்டில் இருந்த சிடி பாழாகிவிட்டது, இன்னொன்று போட்டுத் தரவேண்டும் என்றாள். கேட்கும்போதே குரலில் சண்டை இருந்தது.

"சின்னமனூர்ல போயிக் கேட்டோம். எல்லாம் ஒங்ககிட்டத்தான் இருக்குன்னு சொன்னாக. கேட்டாலும் குடுக்க மாட்டீகளாமே."

"யாரு சொன்னா?"

"ஒங்க மாமாதான் சொன்னாக. ஒங்களுக்கும் அவுகளுக்கும் ஆயிரம் இருக்கட்டும். எங்கப்பா மூஞ்சிய எதுக்குங்க பூட்டி வச்சிருக்கீக?"

நான் பெட்டியை எடுத்து அவள் முன்னாலேயே ஒரு டிஸ்கைச் சொருகிக் காட்டினேன். கட்டம் வந்தது. அவள் அதைப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். நான் ஏதோ வித்தை காட்டி ஏமாற்றுகிறேன் என்று அவள் நினைப்பது தெரிந்தது. "காலியா இருக்கிற டிஸ்கக் காட்டுறீகளாக்கும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

டிஸ்குகளின் மேல் என் வீட்டுக்காரர் ஊர்ப்பெயர்களை எழுதி ஒட்டியிருந்தார். கோம்பை என்று இருந்ததை எடுத்துக்கொண்டு சின்னமனூருக்குப் போனேன். கடைக்கு வெளியே புது போர்டு. மூத்தவர் டீ வாங்கிக் கொடுத்தார்.

"வச்சிட்டுப் போ ஆத்தா. கொஞ்சம் வேல கெடக்கு, முடிச்சிட்டுப் பாத்துக் காப்பி போட்டு வைக்கிறேன்."

"இருந்து வாங்கிட்டுப் போறேன் மாமா. அப்பிடியே மத்த டிஸ்கையும் ஒண்ணொண்ணா மாத்திக் குடுத்தீகன்னா..."

"ஏன், நம்பிக்க இல்லையா?"

டிஸ்கை அவர் மேஜை மேல் வைத்துவிட்டு வந்தேன். சில நாள் கழித்துக் கோம்பைப் பெண் போன் செய்தாள். குரல் தணிந்திருந்தது. "கெடச்சிருச்சுங்க. ஒங்க மாமா ஒங்ககிட்டக் கெஞ்சி வாங்குனாகளாம். நல்லா இருக்கட்டும்" என்றாள். யாரை நல்லா இருக்கட்டும் என்றாள் என்பது எனக்குத் தெரியும். பிறகு ஒருநாள் அந்த வீடியோவை அவள் செல்போனில் காட்டினாள். ஆரம்பத்தில் மூத்தவருடைய புதுக் கடையின் பெயர் சுழன்று சுழன்று வந்தது. நான் வெட்டி ஒட்டிய வீடியோ அது.

டிஸ்கைத் திரும்பக் கேட்டேன். "இங்கனயே இருக்கட்டும் ஆத்தா. நாளைக்கு இன்னொருத்தர் கேட்டா நீ எதுக்கு அதத் தூக்கிட்டு பஸ் ஏறணும்?" என்றார். கேட்கிறவர் யாருக்கும் அது அக்கறையாகத்தான் தெரியும். பக்கத்தில் நின்ற மூத்தவர் மனைவிகூட, "ஒனக்கு அலச்சல் மிச்சம்தான" என்றாள். அடுத்து உத்தமபாளையத்துக்காரர் ஒருவர் கேட்டு வந்தபோது இன்னொரு டிஸ்க் போனது. அதுவும் திரும்பி வரவில்லை. எனக்கு வந்த பங்கு இப்படியே ஒன்றொன்றாக நடந்து பழைய கடைக்குப் போய்ச் சேரும் என்று புரிந்தபோது நிறுத்திக்கொண்டேன். அதன் பிறகு கேட்டு வந்தவர்களிடம் இல்லை என்றேன். குடுக்க மாட்டாள் என்ற பேச்சு அப்போதுதான் உறுதியானது.

மேற்கே மலையில் இடி இடித்து, மின்னல் விழுந்து, கடைக் கம்ப்யூட்டர் கருகிப்போனது அந்த ஐப்பசியில். வேறு வாங்குகிற வரை கடையை மூட முடியாது. அம்மா வீட்டுப் பரணில் என் பழைய லேப்டாப் கிடந்தது. பிளஸ் டூ படிக்கும்போது எல்லாருக்கும் அரசாங்கத்தில் கொடுத்தது. பேட்டரி செத்துப்போய், மின்சாரத்தில் சொருகி வைத்தால்தான் ஓடும். அதில் இருந்த விண்டோஸ் கிளம்பவே இல்லை. ஆனால் அந்த லேப்டாப்பில் இன்னொன்றும் போட்டுக் கொடுத்திருந்தார்கள். ஆன் செய்ததும் எது வேண்டும் என்று கேட்கும். விண்டோஸுக்குப் பதிலாக ஓடுகிற லினக்ஸ் வகை. படிக்கிற காலத்தில் நாங்கள் யாரும் அதைத் தொட்டதில்லை, அதில் சினிமா ஓடாது என்று சொல்லிக்கொள்வோம். வேறு வழியில்லாமல் அதைத் தேர்ந்தெடுத்தேன். மெதுவாக வந்தது. ஜெராக்ஸ் மெஷினை அதோடு சேர்க்க ஒரு பகல் போனது.

மறுநாள் மழை. கடையில் ஆள் இல்லை. பழக்கதோஷத்தில் பெட்டியிலிருந்து ஒரு டிஸ்கை எடுத்துச் சொருகினேன். கட்டம் வரவில்லை. டிஸ்க் மாதிரி ஒரு சின்னப் படம் திரையில் வந்தது. அழுத்தினேன். கம்பம், பண்ணைப்புரம், ஆண்டிபட்டி, மயிலாடும்பாறை என்று என் வீட்டுக்காரர் போட்ட பெயர்களில் வரிசையாகக் கோப்புறைகள் திறந்தன.

லினக்ஸுக்கு மேக் டிஸ்கைப் படிக்கத் தெரிந்திருந்தது. அதில் எழுத முடியாது, அழிக்க முடியாது. பார்க்கலாம், எடுக்கலாம். எனக்கு வேறென்ன வேண்டும்?

எதையோ ஒன்றைத் திறந்தேன். ஒரு காதுகுத்து. எடிட் செய்யாத அப்படியே எடுத்த வீடியோ. குழந்தை அழுகிறது, கூட்டம் மறைக்கிறது. கேமராவுக்குப் பின்னாலிருந்து அவர் குரல். "அக்கா, கொஞ்சம் இங்கிட்டு வாங்க. பிள்ள மொகம் தெரியட்டும்." நான் லேப்டாப் மூடியைப் பாதி சாத்திவிட்டு, வெளியே வந்து மழையைப் பார்த்தபடி நின்றேன். எனக்கு அழுகை வரவில்லை. ஆத்திரம்தான் வந்தது. பிளஸ் டூவிலிருந்து என்னிடமே கிடந்த ஒரு பொருள் செய்கிற காரியத்துக்காக, இத்தனை பேரிடம் பேச்சு வாங்கி, கையில் இருந்த டிஸ்கை வேறு தூக்கிக் கொடுத்திருக்கிறேன். அந்த ஆத்திரத்தை யார் மேல் காட்டுவது என்று தெரியவில்லை.

புது டிஸ்குகள் வாங்கி, விண்டோஸும் படிக்கிற ஃபார்மேட்டில் போட்டு, மிச்சமிருந்த எல்லாவற்றையும் நகலெடுத்தேன். அந்தப் பழைய லேப்டாப் ஒரு கல்யாணத்தை நகர்த்த அரைப் பகல் எடுத்துக்கொள்ளும். கேட்டுத் திரும்பிப் போனவர்களில் நினைவிருந்தவர்களுக்கு நானே போன் செய்து கொடுத்தேன். வாங்கிக்கொண்டார்கள். "அன்னைக்கே குடுத்திருக்கலாம்ல" என்று ஒருவர் கேட்டார். விளக்கினேன். அவர் தலையை ஆட்டினார், நம்பவில்லை.

அதற்குள் என் வீட்டுக்காரருடைய முதல் வருஷ நினைவு நாள் நெருங்கிவிட்டது. மூத்தவர் போன் செய்தார். ஓடைப்பட்டி வீட்டு முன்னால் ஃபிளெக்ஸ் வைக்க வேண்டும், நல்ல படமாக ஒன்று அனுப்பு என்றார்.

"எல்லா டிஸ்க்கும் ஒங்கிட்டத்தான இருக்கு" என்றும் சொன்னார்.

தேடினேன். என் வீட்டுக்காரர் எடுத்த எல்லாவற்றிலும் அவர் குரல் இருந்தது. சில இடங்களில் நிழல் தரையில் விழுந்திருந்தது. மண்டபத்துக் கண்ணாடியில் ஒருமுறை கேமராவோடு தெரிந்தார், முகத்தைக் கேமரா மறைத்திருந்தது. எங்கள் கல்யாண ஆல்பத்தில் இருந்ததை வைக்கலாம் என்றேன். கல்யாண மாலையோடு இருக்கிற படத்தை நினைவு நாளுக்கு வைக்கக்கூடாது என்றார் மாமியார். மாலை தெரியாமல் வெட்டினாலும் கூடாது என்றார். செல்போனில் இருந்தவை என்னோடு சேர்ந்து சிரிப்பவை, பெரிதாக்கினால் முகம் கரைந்துபோனது.

மேகமலைப் படங்கள் நினைவுக்கு வந்தன. புதுக் கேமரா வாங்கியபோது அதைச் சோதித்துப் பார்க்க அண்ணனும் தம்பியும் மேகமலை போனார்கள். அன்று மட்டும் கேமராவை அண்ணன் வைத்துக்கொண்டு தம்பியை எடுத்தார். தேயிலைக்கு நடுவே உட்கார்ந்திருப்பது, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பது, யாரோ கூப்பிட்டுத் திரும்புவது என்று அரை நாள் படங்கள். என்னிடம் இருந்த டிஸ்குகளில் அவை இல்லை. அப்படியானால் நான் கொடுத்த இரண்டில் ஒன்றில்தான் இருக்கவேண்டும்.

சின்னமனூருக்குப் போனேன். உத்தமபாளையம் டிஸ்க் மேஜை மேலேயே இருந்தது. மேக்கில் போட்டுப் பார்த்தோம், அதில் இல்லை.

"மாமா, மொதல்ல குடுத்தேனே, கோம்பை. மேகமலைப் படம் அதுலதான் இருக்கும்."

அவர் மேஜை இழுப்பறையைத் திறந்து மூடினார். "அதா? போன முகூர்த்தத்துல எடம் பத்தலன்னு ஃபார்மேட் பண்ணிட்டேன். அது மேல ரெண்டு மூணு கல்யாணம் ஏத்தியாச்சு."

"எங்கிட்டக் கேட்டிருக்கலாம்ல."

"நீதான அதத் தொறக்க முடியாதுன்ன. தொறக்க முடியாததக் கொண்டுபோயி என்ன செய்யப்போறன்னு நெனச்சேன்."

சொல்லிவிட்டு அவருக்கே ஒரு மாதிரி ஆகியிருக்க வேண்டும். டீ வாங்கி வரச் சொல்லட்டுமா என்று கேட்டார். வேண்டாம் என்றேன்.

ஃபிளெக்ஸில் வந்தது, லைசென்ஸுக்காக நானே எடுத்த பாஸ்போர்ட் சைஸ் படம். நீலத் திரை, விறைத்த தோள். ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கியதில் கன்னம் கட்டம் கட்டமாகத் தெரிந்தது. வந்தவர்கள் அதன் முன்னால் நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தார்கள். பந்தியில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த மாமியாரின் தங்கை, "போட்டோக்காரன் பொண்டாட்டி, புருசன் படத்த நல்லதா ஒண்ணு வச்சிருக்கலையே" என்றாள்.

"இருந்துச்சு சின்னத்தை. மாமா அழிச்சிட்டாக" என்றேன். மெதுவாகச் சொல்ல நினைத்தது கொஞ்சம் சத்தமாகவே வந்துவிட்டது.

சாம்பார் ஊற்றிக்கொண்டிருந்தவர் நின்றுவிட்டார். மாமியார் என்னைப் பார்க்காமல், "தொழில் பண்றவன் கையில ஒண்ணு ரெண்டு போகத்தான் செய்யும். வேணும்னா செஞ்சான்?" என்றார். மாமனார், "திங்கிற எடத்துல என்னத்துக்கு இதெல்லாம்" என்றார். மூத்தவர் வாசலில் சொந்தக்காரர்களை நிறுத்திப் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அவருக்குக் கேட்டிருக்கும். திரும்பவில்லை.

வேண்டுமென்று செய்திருக்க மாட்டார். அதை நான் நம்புகிறேன். தம்பி சாவுக்கு அவர் அழுததைப் பார்த்தவள் நான். ஆனால் அழிய வேண்டாமென்று நினைத்திருந்தால் ஒரு போன் செய்திருப்பார். அந்த இரண்டுக்கும் நடுவில் எதையோ வைத்துதான் இந்தக் குடும்பம் என்னை நடத்துகிறது. அதற்கு ஒரு பெயர் கிடைத்தால் நிம்மதியாகத் திட்டுவேன்.

தை மாதத்தில் வாரிசுச் சான்றிதழுக்கு மாமனாரின் கையெழுத்து வாங்க ஓடைப்பட்டிக்குப் போகவேண்டியிருந்தது. மாமனார் தோட்டத்தில் இருந்தார். மோட்டார் அறை ஓரத்தில் உர மூட்டைகளை அடுக்கி, மேலே அந்த ஃபிளெக்ஸைப் போட்டு மூடி, நான்கு பக்கமும் கல் வைத்திருந்தார். வெள்ளைப் பக்கம் வெளியே தெரிந்தது. ஒரு மூலையைத் தூக்கிப் பார்த்தேன். நீலத்திரையின் ஓரம்.

"மொகம் உள்ள போறாப்பிலதான் போட்டிருக்கேன். வெளிய தெரிஞ்சா ஒங்கத்த பாத்துட்டு அழுவா" என்றார் மாமனார்.

எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்றேன். அவர் மலைப்பக்கம் வானத்தைப் பார்த்தார்.

"மூடாப்பு போட்டுருக்கே. மூட்ட நனஞ்சிரும். வேற சாக்கு கெடச்ச பெறகு எடுத்துக்கயேன்."

காகிதத்தில் அவர் கையெழுத்தை வாங்கிக்கொண்டு பஸ்ஸுக்கு நடந்தேன்.